அனிமேஷன் எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும்? மூணாறு டீச்சருக்கு ஒரு பதில்

கேரளத்தின் மூணாறு எஸ்டேட் பகுதியில் தமிழ் மீடியம் யு.பி. (ஐந்து முதல் ஏழு வரை) வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் (பி.டி.ஏ.) கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறதாம். அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் அனிமேஷன் வீடியோ செய்ய ஆசை. ஒரு ஸ்டுடியோக்காரர் "சினிமா மாதிரி எஃபெக்ட்ஸ் போட்டுத் தருகிறேன்" என்று நிமிஷக் கணக்கில் பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா, நாமே செய்துகொள்ள முடியுமா, இல்லை மலையாளத்தில் ஏற்கெனவே இருப்பதற்குத் தமிழ்க் குரல் சேர்த்தால் போதுமா என்பது கேள்வி. ஏ.ஐ. வீடியோ பற்றியும் கேட்டிருக்கிறார். நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர்ப் பக்கம். பாட வீடியோ செய்வதும், ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும்தான் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டீச்சர், ஸ்டுடியோக்காரரிடம் இப்போதைக்கு "யோசித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். ஒரு வருஷப் பாடத்தில் அனிமேஷன் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களை எண்ணிப் பார்த்தால் ரொம்பக் குறைவாகத்தான் வரும். ஆனால் அந்த இடங்களில் அது செய்வதைக் கரும்பலகையும் செய்யாது, புத்தகப் படமும் செய்யாது.

அசையும் படம் என்றாலே நன்றாகப் புரியும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆராய்ச்சி அவ்வளவு தாராளமாகச் சொல்லவில்லை. உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் அவர் குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளை 2002-இல் புரட்டிப் பார்த்தார்கள். அனிமேஷன் ஜெயித்ததாகச் சொன்ன பலவற்றில், அனிமேஷனில் இருந்த தகவல் நிலைப்படத்தில் இல்லவே இல்லை. அப்படியிருக்க அது எப்படி ஒப்பீடாகும் என்று கேட்டார்கள். 2005-இல் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் குழு மின்னல், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, கடல் அலை, கார் பிரேக் என்று நான்கு பாடங்களை எடுத்துக்கொண்டது. ஒரு கூட்டத்துக்குக் குரலோடு ஓடும் அனிமேஷன், இன்னொரு கூட்டத்துக்குத் தாளில் படமும் எழுத்தும். தாளில் படித்தவர்கள் எதிலும் பின்தங்கவில்லை, சில சோதனைகளில் முந்தியும் விட்டார்கள். அப்புறம் 2007-இல் ஹோஃப்லர், லாய்ட்னர் என்ற இருவர் 26 ஆய்வுகளிலிருந்து 76 ஒப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது அனிமேஷனுக்கு மிதமான ஆதாயம் கிடைத்தது. அசைவே பாடமாக இருக்கும் இடங்களில் அந்த ஆதாயம் கூடுதல். அழகுக்காகச் சேர்த்த அசைவில் அப்படி எதுவும் இல்லை.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஓடுகிற படம் யாருக்காகவும் நிற்காது. முன்பு பார்த்ததை மனசில் பிடித்துக்கொண்டே இப்போது வருவதையும் பார்க்க வேண்டும், குரலையும் கேட்க வேண்டும். புத்தகப் படம் என்றால் பிள்ளை விரலை வைத்து, திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் நான் எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே அசைவதே பாடமா? அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாததா? இதய வால்வு திறந்து மூடுவது, மோட்டாரில் சுருள் பாதி சுற்று சுற்றியதும் மின்னோட்டத்தின் திசை மாறுவது, நிலவின் பிறை, செல் பிரிவது, இவற்றுக்கெல்லாம் தாராளமாகப் போடலாம். இலையின் பாகங்கள், மாவட்டங்களும் பயிர்களும், அரசர் வரிசை, இதற்கெல்லாம் நல்ல போட்டோ ஒன்றும் உங்கள் வாயும் போதும். அசோகர் குதிரையில் வந்து இறங்குவதை 3டி-யில் காட்டினால் பிள்ளைகள் கை தட்டுவார்கள், மறுநாள் குதிரையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

உங்கள் ஊர்ப் பாடம் ஒன்றையே எடுத்துக் காட்டுகிறேன். ஜூன் மாதம் மூணாறில் குடையை மடக்க முடியாது. அதே நாளில் 40 கிலோமீட்டர் தள்ளி மறையூர்க் கரும்புத் தோட்டத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டால் "மேகம் மலையில மோதி இங்கயே மழையாப் பெஞ்சிருது டீச்சர்" என்பார்கள். நம் வீடியோக்களில் பலவும் இதையேதான் காட்டுகின்றன: பஞ்சு மாதிரி மேகம் மிதந்து வரும், மலையில் இடிக்கும், உடையும், மழை கொட்டும். தப்பை வாயால் சொன்னால் மறந்துபோகும், படமாகக் காட்டினால் அப்படியே உட்கார்ந்துவிடும். அனிமேஷனின் பலம் எதுவோ அதுவேதான் அதன் ஆபத்தும்.

நடப்பது என்ன? அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் ஏறுகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது, குளிர்ந்தால் அதில் இருக்கும் நீராவி அங்கேயே துளியாகிறது. மேகம் எங்கிருந்தோ வந்து மோத வேண்டியதில்லை, ஏறும் காற்றுக்குள்ளேயே பிறக்கிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதே காற்று அமுங்கிச் சூடாகிறது, மிச்சத் துளிகளும் ஆவியாகிவிடுகின்றன. அதுதான் மறையூர் வெயில்.

இதை நான் செய்தால் முதல் காட்சியில் அனிமேஷனே இருக்காது. எர்ணாகுளத்துப் பக்கம் அடைத்த சிப்ஸ் பாக்கெட் மூணாறு பெட்டிக்கடையில் உப்பிப்போய்த் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால்தான். அதை மொபைலில் பதினைந்து நொடி எடுத்தால் போதும். காற்று விரிகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது மேற்கிலிருந்து கிழக்காக மலையை வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு நிலைப்படம். கடல், கொச்சி, சரிவு, மூணாறு, 2,695 மீட்டர் ஆனைமுடி, அந்தப் பக்கம் மறையூர். ஒன்றும் அசையாது. பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் கொடுக்க வேண்டும்.

இப்போதுதான் அசைவு வருகிறது. ஒரே ஒரு வட்டம், அதுதான் காற்று. அதற்குள் வெப்பநிலை எண். சரிவில் ஏறும்போது வட்டம் பெரிதாகிறது, எண் இறங்குகிறது. மேகம் தோன்றும்வரை கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி, துளிகள் பிறந்த பிறகு அதில் பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேல். ஏழாம் வகுப்புக்கு "குறைகிறது" என்றால் போதும், அந்த இரண்டு வேகத்தின் கதையை ஒன்பதாம் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். உச்சிக்குப் போனதும் படத்தை நிறுத்திவிடுங்கள். வீடியோவிலேயே அந்த இடம் உறைந்து நிற்கும்படி செய்துவிடுவேன். "இனி இது மறையூருக்கு இறங்கப் போகுது. என்ன ஆகும்னு நோட்டுல எழுதுங்க" என்று நீங்கள் கேட்க வேண்டும். எழுதின பிறகுதான் வட்டம் இறங்க வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் ஒன்றரை நிமிஷம்கூட வராது.

கவனியுங்கள், அசைவது வட்டமும் எண்ணும் மட்டும்தான். மரம் ஆடாது, பறவை பறக்காது, அருவி விழாது. கண் எப்போதும் அசைவதன் பின்னால்தான் ஓடும். பின்னணியில் ஒரு யானைக் கூட்டத்தை நடக்கவிட்டால் அந்தப் பாடம் யானைக்குத்தான். ஸ்டுடியோக்காரர்களுக்கும் நமக்கும் சண்டை வருவது இந்த இடத்தில். திரை காலியாக இருந்தால் காசுக்கு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று அவர்களுக்குப் பயம்.

சரி, மலையாள வீடியோவுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் யோசனை. எல்லைப் பகுதிப் பள்ளிகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. குரல் மாறிவிடும், ஆனால் படத்துக்குள் எழுதின பெயர்கள் மலையாளத்திலேயே நிற்கும். பிள்ளை காதில் தமிழ், கண்ணில் மலையாளம், இரண்டையும் பொருத்திப் பார்ப்பதற்குள் காட்சி போய்விடும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே இது தேவையில்லாத சுமை. தமிழ்நாட்டில் 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியிலும் 2023-இல் வந்த மணற்கேணி செயலியிலும் தமிழ் வீடியோக்கள் நிறைய உண்டு. ஆனால் அவை அந்த மாநிலப் பாடத்திட்டத்தின் வரிசையில் போகும். நம் கேரள எஸ்.சி.ஈ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் இருக்கும் கலைச்சொல் அங்கே வேறாக இருந்தால் பரீட்சையில் பிள்ளை தடுமாறும். கேரள அரசின் கைட் நிறுவனம் நடத்தும் விக்டர்ஸ் கல்விச் சேனல் 2020 ஜூன் 1 அன்று ஃபர்ஸ்ட் பெல் என்ற டிவி வகுப்புகளைத் தொடங்கிய பிறகு தமிழ் மீடியத்துக்கும் வகுப்புகள் வந்தன, பாட வளங்கள் இருக்கும் சமக்ரா இணையதளத்தையும் முதலில் அலசிப் பாருங்கள்.

இதற்கு மிக எளிய வழி ஒன்று உண்டு, யாரும் செய்வதில்லை. படம் நன்றாக இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு நீங்களே பேசுங்கள். எந்த இடத்தில் நிறுத்துவது, எதைத் திரும்பப் போடுவது, எந்தப் பிள்ளை முழிக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பதிவு செய்த குரலுக்கு அது தெரியாது.

புதிதாகச் செய்தால், படத்துக்குள் எழுத்தைக் கலக்காதீர்கள். எழுத்து தனி லேயர், குரல் தனி டிராக். அப்படி வைத்தால் இன்று தமிழில் செய்ததை நாளைக்குப் பக்கத்து வகுப்பு மலையாளத்தில் போட்டுக்கொள்ளும், ஆந்திராவில் குப்பம் ஊரிலோ நகரியிலோ இருக்கும் ஆசிரியர் தெலுங்கில் போட்டுக்கொள்வார். அந்த மழை வீடியோவையே மலையை எடுத்துவிட்டுப் பாலக்காட்டுக் கணவாயை வைத்தால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் தயார்.

நாமே செய்ய முடியுமா என்றால், முடியும். கையால் வரைந்து அசைக்கும் முறைக்கு மட்டும் போகாதீர்கள். நொடிக்கு 12 படம் என்று வைத்தாலே ஒரு நிமிஷத்துக்கு 720 படம் வரைய வேண்டும். வெட்டி ஒட்டின துண்டுகளை நகர்த்தும் முறைதான் நமக்குச் சரி. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் நாம் வைத்தால் நடுவில் உள்ளதைச் சின்ஃபிக் மாதிரியான மென்பொருளே நிரப்பிவிடும். படம் வரைய இங்க்ஸ்கேப், குரலுக்கு ஆடாசிட்டி, கோர்க்கக் கேடென்லைவ், கணக்குக்கு ஜியோஜீப்ரா. எல்லாம் இலவசம். கைட் கொடுத்த பள்ளி லேப்டாப்பில் பாதி ஏற்கெனவே இருக்கும், தேடிப் பாருங்கள். பக்கத்து ஹைஸ்கூலில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. கிளப் இருந்தால் வேலை இன்னும் சுலபம். 2018-இல் தொடங்கிய அந்தக் கிளப்பில் பிள்ளைகளுக்கு அனிமேஷன் பயிற்சியே கொடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் "இந்த வட்டத்தை மலை மேல ஏத்திக் குடு" என்றால் சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து விடுவான். அறிவியல் சரியா என்று பார்ப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் வரும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நேராகத் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரியான யூனிகோட் எழுத்துருவில் அடித்து, அதை வடிவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோனால் ஒழுங்காக வரும். டி.டி.பி. கடையில் பழைய பாமினியில் அடித்து வாங்கி வராதீர்கள், பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். கோப்பு வகையிலும் கவனம் வேண்டும். முன்பு பள்ளிகளுக்குச் சிடி-யில் வந்த ஃப்ளாஷ் பாடங்கள் ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷை நிறுத்தியது, அத்தனையும் பிரவுசரில் ஓடாமல் போயின. கடைசி வடிவம் சாதாரண எம்பி4 ஆக இருக்கட்டும், மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

விஷுவல் எஃபெக்ட்ஸ் என்பது வேறு சமாசாரம். எடுத்த வீடியோவின் மேல் செய்யும் வித்தை அது. பாடத்துக்குப் பிரயோஜனமானது அதில் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமும் மலிவானது. பச்சைத் துணிக்கு முன்னால் நின்று பேசினால் உங்களை இதயப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், இரத்தம் போகும் வழியை விரலால் காட்டலாம். பச்சைக்குக் காரணம், கேமரா சென்சாரில் பச்சை ஒளியைப் பிடிக்கும் புள்ளிகள் மற்ற நிறங்களைவிட இரண்டு மடங்கு. துணியில் சுருக்கம் கூடாது, வெளிச்சம் துணி முழுக்க ஒரே மாதிரி விழ வேண்டும், நீங்கள் துணியிலிருந்து நாலைந்து அடி முன்னால் தள்ளி நிற்க வேண்டும். அன்றைக்குக் கிளிப்பச்சைச் சேலை மட்டும் வேண்டாம், தலையும் கையும் தனியாக மிதக்கும். சரிகை மின்னும் பட்டும் வேண்டாம், பச்சையை வாங்கித் திருப்பி அடிக்கும். ஆனால் முழு வீடியோவிலும் ஆசிரியர் முகம் தேவையா என்றால், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆரம்பத்தில் ஒரு வணக்கம், நடுவில் சுட்டிக்காட்ட வேண்டிய இடம், அவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்த எஃபெக்ட் டைம்லாப்ஸ்தான். ஈரத் துணியில் பாசிப்பயறு வைத்து, மொபைலை அசையாமல் நிறுத்தி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் என்று மூன்று நாள் எடுத்தால் 864 படம். நொடிக்கு 24 என்று ஓட்டினால் 36 நொடியில் பயறு முளைத்து நிமிர்ந்துவிடும். ஜன்னலை மூடி ஒரு பல்பை இரவும் பகலும் எரியவிடுங்கள், இல்லாவிட்டால் படம் மினுக் மினுக்கென்று கண்ணைக் குத்தும். எந்த ஸ்டுடியோ செய்யும் 3டி செடியும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அது அவர்கள் வகுப்பு ஜன்னலோரத்தில் முளைத்த பயறு.

குரலை முதலில் பதிவு செய்துவிட்டு அதற்கேற்பப் படத்தை நகர்த்துங்கள், தலைகீழாகச் செய்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாது. தகரக் கூரைப் பள்ளியில் மழைக்காலத்தில் குரல் எடுக்கவே முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் மொபைலை வைத்துப் பேசினால் எதிரொலி குறையும். செய்தி வாசிப்பது மாதிரி வேண்டாம், வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசுங்கள், அப்படிப் பேசினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று மேயர் குழு பல சோதனைகளில் காட்டியிருக்கிறது. பேசுவதை முழுக்கத் திரையில் எழுதவும் வேண்டாம், முக்கியச் சொல் மட்டும் போதும். காது கேளாத பிள்ளைக்கு வசன வரியைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் வேண்டியபோது போட்டுக்கொள்ளலாம்.

நீளத்தைப் பற்றி: இணைய வகுப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசின 2014 ஆய்வு ஒன்றில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கும் நேரம் சாதாரணமாக ஆறு நிமிஷத்தைத் தாண்டவில்லை. பார்த்தவர்கள் பெரியவர்கள். யு.பி. பிள்ளைகளுக்கு மூன்று நிமிஷமே தாராளம். எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்கு அதுதான் நல்லதும்கூட. தட்டையான நிறங்கள் உள்ள அனிமேஷன் சின்னக் கோப்பாக அமுங்கும், புகை, தீப்பொறி, மினுமினுப்பு எல்லாம் கோப்பை ஊதிப்பெருக்கும். வாட்ஸப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், எழுத்து மங்காது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் எதையும் போடாதீர்கள், வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து.

ஏ.ஐ. வீடியோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். பின்னணிப் படத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதயத்தின் அறைகளையோ தமிழ் எழுத்தையோ அதை நம்பி விடாதீர்கள், தப்பாக வந்தாலும் பார்க்க அழகாக இருக்கும், அதுதான் தொல்லை. நாம் வரைவதிலும் இப்படி உண்டு. சிரை இரத்தத்தை நீல நிறத்தில் காட்டிக் காட்டி, உடம்புக்குள் இரத்தம் நீலமாக ஓடுகிறது என்று நம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது கருஞ்சிவப்பு. நீலம் போட்டால் "அடையாளத்துக்காக" என்று குரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஸ்டுடியோக்காரரை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. மோட்டார், இதயம், பிறை மாதிரி முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்த்தால்தான் புரியும் பாடங்கள் இரண்டு மூன்றுக்கு அவர் கை தேவைப்படலாம். அதற்கு மட்டும் பேசுங்கள். மூலக் கோப்புகளும் எழுத்து இல்லாத படப் பிரதியும் உங்கள் கைக்கு வர வேண்டும், குரல் டிராக் தனியாக வேண்டும், இசைக்கும் படங்களுக்கும் உரிமை யாருடையது என்று எழுத்தில் வேண்டும். காட்சிகளைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த ஸ்டோரிபோர்டை அவர் முதலில் கொண்டுவரட்டும். அதை உங்கள் வகுப்பில் நாலு பிள்ளைகளிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.